பத்தர் குத்திய காது

ஷிப்ட் விட்ட நேரம். திருபுவனை பேக்டரி கேட்டுக்கு வெளியே, கம்பெனி பஸ்ஸுக்கும் பைக்குகளுக்கும் நடுவில், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிகரன் நின்றிருந்தான். கரும்பு வெட்டு நடக்கிற மாசத்தில் சொந்த ஊரான உறுவையாற்றை விட்டு அசைகிறவன் இல்லை அவன். வீரமணி பார்த்தான். பார்த்தும் பார்க்காதவனாகப் பைக்கை உருட்டிக்கொண்டு போனான்.

கூடப் பிறந்த அண்ணன்தான். ஆனால் அம்மா செத்த பிறகு, தங்கச்சி வெண்ணிலாவுக்காக மட்டும் அந்த வீட்டில் சில வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிட்டு, அவளைக் கட்டிக் கொடுத்த மறுநாளே வெளியேறியவன் வீரமணி. அதற்கப்புறம் உறுவையாற்று வீட்டுப் படியை மிதித்ததில்லை.

"டேய் வீரா."

அவன் நிற்கவில்லை.

"வெண்ணிலாவுக்கு முடியலடா."

இப்போது நின்றான்.

"இன்னா முடியல?"

அரிகரன் வலது காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு கிட்டே வந்தான். இடது காது அவனுக்கு மந்தம். "கிட்னி. ரெண்டும் போச்சாம். வாரத்துக்கு மூணு வாட்டி மெஷின்ல போட்டு ரத்தத்த சுத்தம் பண்றாங்க. அவ புருசன் வூட்டுக்காரங்க நம்ம வூட்டுல கொண்டாந்து வுட்டுட்டுப் போனவங்கதான், இன்னா ஏதுன்னு ஒரு போன் கெடையாது."

"எப்போலேர்ந்து?"

"தை மாசத்துலேர்ந்து."

"இப்பத்தான் நெனப்பு வந்துச்சா உனுக்கு?"

"என் கிட்னியில ஒண்ண நானே குடுத்துடலாம்னு இருந்தேன்டா. அப்பாதான் சொன்னாரு, உனுக்கு ரெண்டு காதுலயும் ஆத்தா குறி கீது, உன் வுடம்புல எடுத்து வச்சா ஆத்தாவே வச்ச மாதிரின்னு. போய்ப் படுத்தேன். ஸ்கேன் எடுத்தவரு திரும்பத் திரும்ப ஒரே எடத்துல தேய்க்கறாரு. அப்புறமா சொல்றாரு, எனுக்கே ஒண்ணுதான் கீதாம். அதுவும் சின்னதாம்." சிரிக்கப் பார்த்தான் அரிகரன். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. "இத்தினி வருசமா ஒண்ண வச்சிகினுதான் கரும்புக் கட்டு தூக்கிகினு இருந்திருக்கேன் பாரு."

"உம் பொண்டாட்டி?"

"ரத்த குரூப்பு சேரல. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, அவருக்கும் குறி கீறதால வாணாம்னுட்டாங்க. நீதான்டா கீற. ஆஸ்பத்திரில ஒரு மேடம் உன்னப் பாக்கணும்னு சொல்லிச்சு. குறி இல்லாத தம்பி ஒருத்தன் கீறான்னு வெண்ணிலாதான் சொல்லியிருக்கா."

குறி இல்லாத தம்பி. அந்தச் சொல்லைக் கேட்டதும் வீரமணியின் கை, அவனையறியாமல், காது மடலுக்குப் போயிற்று.

அந்தக் குறி என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். உறுவையாற்றில் அந்தக் குடும்பத்துக்கு 'தொளக்காது வூடு' என்று பேர். காது முகத்தோடு வந்து சேருகிற இடத்தில், குண்டூசி முனை போகிற அளவுக்கு ஒரு சின்னத் துளை. பிறக்கும்போதே இருக்கும். அவர்கள் கொல்லை மேட்டில் குடியிருக்கிற அம்மன், தன் பிள்ளைகளை மற்றவர் பிள்ளைகளோடு கலந்துவிடாமல் அடையாளம் வைத்துக் குத்திய துளை அது என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். ஆடி மாசம் பங்காளிகள் கூடிப் பொங்கல் வைக்கும்போது, துளை உள்ள குழந்தைகளுக்குத்தான் முதல் மஞ்சள், காதுக்கு முன்னால் தொட்டு வைப்பார்கள். கரகம் தூக்குகிறவனுக்குத் துளை இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குக் கம்மல் போடக் காது குத்துவதென்றால்கூட வெளியாளைத் தொடவிட மாட்டார்கள். குடும்பத்தில் மூத்தவர் எலுமிச்சை முள்ளால் குத்துவார்.

அந்த வீட்டில் காது மந்தமானவர்கள் அதிகம். ஆத்தா உள்ளே பேசுகிறாள், அதனால் வெளிச் சத்தம் கேட்பதில்லை என்று அதற்கும் ஒரு சமாதானம் இருந்தது. நடுவயசில் கைகால் வீங்கி, மூச்சு வாங்கிச் செத்தவர்களும் உண்டு. ஆத்தா கூப்பிட்டுக்கொண்டாள் என்றார்கள். யாரும் துளையையும் வீக்கத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் யார் சொல்லியிருப்பார்கள், சாமி தொட்ட இடத்தை வியாதி என்று?

சிங்காரவேலுவுக்கும் அம்மணிக்கும் மூன்று பிள்ளைகள். மூத்தவன் அரிகரனுக்கு இரண்டு பக்கமும் துளை. கடைசிப் பெண் வெண்ணிலாவுக்கும் அப்படியே, போதாததற்குக் கழுத்தில் வேறு ஒரு பொட்டுத் துளை. ஆத்தா பாசம் மிகுதியாகி இன்னொன்று வைத்தாள் என்று கொண்டாடினார்கள். நடுவில் பிறந்த வீரமணிக்கு மட்டும் காது வழுவழுவென்று இருந்தது. வில்லியனூர் நகைப் பத்தர் கடையில் கொண்டுபோய், மற்ற ஊர்ப் பிள்ளைகளைப்போலக் காது குத்திக்கொண்டு வந்தாள் அம்மணி. பங்காளி வீட்டுப் பையன்கள் அவனுக்கு 'பத்தரு காது' என்றே பேர் வைத்துவிட்டார்கள். பொங்கலன்று சம்பந்தி வீட்டாரோடு பின்வரிசையில் நிற்பான். ஒருவருக்கும் கேட்காத தூரத்துச் சத்தமெல்லாம், மடையில் தண்ணீர் திரும்பும் சத்தம், ரோட்டில் டிராக்டர் வரும் சத்தம், எல்லாம் அவனுக்குத்தான் முதலில் கேட்கும். அதையும் குறையாகத்தான் பார்த்தார்கள்.

அவன் பத்தாவது முடித்த வருஷம், ஆடிப் பொங்கலில் ஒரு வாய்ச்சண்டை. வரப்புத் தகராறு, வேறொன்றுமில்லை. பெரியப்பா மகன் ஒருவன் எகிறினான்: "எங்க ரத்தமா இருந்தா ஆத்தா குறி வச்சிருப்பா. வைக்கலியே!" சிங்காரவேலு அவனை அடிக்கவில்லை. அதட்டவில்லை. பொங்கல் பானையடியில் குனிந்திருந்த பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். காது மந்தமானவர், எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். அத்தனை பங்காளிக்கும் கேட்க, "இவன் யாருன்னு நீதான்டி சொல்லணும்" என்றார்.

அம்மணி பானையடியிலிருந்து நிமிர்ந்தாள். பொங்கலை இறக்கிவைத்தாள். எல்லாருக்கும் பரிமாறினாள். வீட்டுக்குப் போய், கரும்புக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த களைக்கொல்லியைக் குடித்தாள்.

அந்த வீட்டிலிருந்துதான் இப்போது அண்ணன் வந்து நிற்கிறான்.

"எப்ப வரணும்?" என்று கேட்டான் வீரமணி.

வீட்டில் அவன் பெண்டாட்டி புவனேஸ்வரி சும்மா இருக்கவில்லை. "உன்ன மனுசனா மதிக்காத ஜனத்துக்கு உன் கிட்னி மட்டும் இனிக்குதாக்கும்?" என்று சட்டியை நங்கென்று வைத்தாள். "பத்தரு காதுன்னாங்களே, இப்போ பத்தரு கிட்னி பரவாயில்லியாமா?"

"அவங்களுக்கு இல்லடி. வெண்ணிலாவுக்கு."

புவனேஸ்வரி அடுப்பைத் தணித்தாள். "அந்தப் பொண்ணு மேல எனுக்கு ஒண்ணுமில்ல. எனுக்கு வளகாப்புன்னு கேள்விப்பட்டு, அப்பனுக்குத் தெரியாம பஸ் ஏறி வந்து வளையல் போட்டுட்டுப் போனவ" என்றாள். "போய்ப் பாரு. ஆனா கையெழுத்து கேட்டாங்கன்னா என்னக் கேக்காம போட்டுடாத."

டவுன் ஆஸ்பத்திரியில், இவனைப் பார்க்க வேண்டும் என்ற மேடத்தின் பேர் தேவி. பரம்பரையாக வருகிற வியாதிகளைக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்வது அவள் வேலை. வீரமணியை உட்காரவைத்து, விளக்கைப் பிடித்து இரண்டு காதையும், கழுத்தையும் பார்த்தாள். அரிகரன் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அம்மா வயித்துல குழந்தைக்குக் காது உருவாகறதும் கிட்னி உருவாகறதும் ஏறக்குறைய ஒரே சமயத்துல நடக்குது" என்றாள். "ரெண்டு வேலையையும் மேற்பார்வை பாக்கற ஜீன் ஒண்ணு இருக்கு. வீடு கட்டற எடத்துல மேஸ்திரி மாதிரின்னு வச்சிக்குங்களேன். அந்த மேஸ்திரியில ஒரு பழுது வந்துட்டா, காதுகிட்ட மூட வேண்டிய இடம் மூடாம துளையா நின்னுடும். சில பேருக்குக் கழுத்துலயும் அப்படி நிக்கும். காதுக்குள்ள எலும்பும் நரம்பும் சரியா அமையாது. கிட்னி சின்னதாயிடும், இல்ல ஒண்ணு வராமலே போயிடும்."

ஆத்தா குத்தியது என்று மஞ்சள் வைத்துக் கும்பிட்டார்களே, அது யாரும் குத்தின துளை இல்லை. மூடாமல் போன துளை.

"எங்க அப்பாவுக்கும் தொள கீதே. அவரு கல்லாட்டம் கீறாரே?" என்றான் அரிகரன்.

"அதாங்க இதுல கஷ்டம். ஒரே குடும்பத்துல ஒருத்தருக்குத் துளையோட நின்னுடும். ஒருத்தருக்குக் காது வரைக்கும். ஒருத்தருக்குக் கிட்னி வரைக்கும் போயிடும். உங்க அப்பாவுக்குக் காதோட நின்னுது. தங்கச்சிக்கு நிக்கல."

வீரமணி தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் கேட்க வந்தது வேறு. "மேடம், அப்பன்கிட்ட பழுது இருந்தா எல்லாப் புள்ளைக்கும் வந்துதானே ஆவணும்? செவ்வழுகல் நோவு புடிச்ச கரும்புல கரணை வெட்டி நட்டா, மொளைக்கறதெல்லாம் செவ்வழுகல்தான். நாங்க கண்ணால பாக்கறோமே."

"கரணைன்றது அந்தக் கரும்போட துண்டு. புள்ள அப்பாவோட துண்டு இல்லியே. பாதி அப்பா, பாதி அம்மா. ஒவ்வொரு ஜீனும் நமக்கு ரெண்டு ரெண்டு இருக்கு. உங்க அப்பாகிட்ட அந்த மேஸ்திரி ரெண்டு பேரு. ஒருத்தன் சரியானவன், ஒருத்தன் பழுதானவன். ஒவ்வொரு புள்ளைக்கும் அவரால ஒருத்தனத்தான் குடுக்க முடியும். எவன் போவான்னு அவரும் தீர்மானிக்கறதில்ல, யாரும் தீர்மானிக்கறதில்ல. உங்க அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பழுதானவன் போனான். உங்களுக்கு நல்லவன் வந்திருக்கான்னு நெனைக்கறேன். டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

"அப்போ..." வீரமணி நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். "அப்போ, தொள இல்லாத புள்ளையும் அதே அப்பனுக்குப் பொறக்கலாம்?"

"தாராளமா. சரிக்குச் சரி வாய்ப்பு."

எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள். தாராளமா. காய்கறிக்காரி கொசுறு போடுகிற மாதிரி. இந்த ஒரு வார்த்தையை அந்த ஆடி மாசத்தில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று யாராவது சொல்லியிருந்தால், அம்மணி இன்றைக்கும் உறுவையாற்றில் கோழிக்கு அரிசி இறைத்துக்கொண்டிருப்பாள். வீரமணி அரிகரனைப் பார்த்தான். அரிகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரத்தம் எடுத்துடலாமா? தங்கச்சியோட பொருத்தம் பாக்கணும்" என்றாள் தேவி.

"ஒத்துப் போகலன்னா?"

"ஒத்துப் போகலன்னாலும் அதுக்கு ஒண்ணும் அர்த்தமில்ல. கூடப் பொறந்தவங்கள்லயே நாலுல ஒருத்தருக்குச் சுத்தமா ஒத்துப் போகாது. அது சகஜம்."

"அது உங்களுக்குத் தெரியும் மேடம். உறுவையாத்துக்கு வந்து சொல்வீங்களா?" வீரமணி எழுந்துவிட்டான். "ஒத்துப் போகலன்னு ஒரு வார்த்த வெளிய போனாப் போதும், பாத்தியா, அன்னிக்கே சொன்னோமேன்னு எங்க அம்மாவ மறுபடியும் இழுப்பாங்க. ஒரு தடவ நிக்க வச்சிக் கேட்டாச்சு. அதுக்கு அவ பதிலும் சொல்லிட்டுப் போயிட்டா. இன்னொரு தடவ ரத்தம் புடிக்கற கண்ணாடிக் குழாயில அடச்சி நிக்க வைக்க நான் வுடமாட்டேன்."

"வீரா, கத்தாதடா."

"உனுக்குக் கேக்கணுமில்ல, அதான் கத்தறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவன், கால் எங்கே போகிறதென்று தெரியாமல் மாடி ஏறி, டயாலிசிஸ் வார்டுக்கு முன்னால் போய் நின்றான்.

வெண்ணிலா ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். முகம் உப்பி, கண் சிறுத்து, நிறம் மங்கி, அவன் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பெண்தானா என்று ஒரு நிமிஷம் அவனுக்கே சந்தேகமாக இருந்தது. கையிலிருந்து இரண்டு குழாய்கள் மெஷினுக்குப் போயின. ஒன்றில் ரத்தம் போயிற்று, மற்றதில் வந்தது. உதடு வெடித்திருந்தது. அவனைப் பார்த்ததும் மறு கையால் காது மெஷினைத் தட்டிச் சரிசெய்துகொண்டாள்.

"வாடா பத்தரு காது" என்றாள்.

உலகத்தில் அவள் ஒருத்தி சொன்னால் மட்டும்தான் அது அவனுக்கு வலிக்காது.

"தண்ணி வேணுமா?"

"ஏன், என்னக் கொல்லணுமா? ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளருதான். அதுலயே மாத்திரையும் முழுங்கணும். குழாயில தண்ணி வுழறதப் பாத்தா எச்சி ஊறுது. இன்னா பொழப்புடா இது, தாகத்துக்குச் சாவறதா, தண்ணியால சாவறதா." சிரித்தாள். இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "நீ ரத்தம் குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவன்னு எனுக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நல்லதுதான்ணா" என்றாள்.

"இன்னா நல்லது?"

"அம்மாவ எனக்காக ஒண்ணும் பண்ண வாணாம். மேடம் வந்து சொன்னப்போவே நெனச்சேன். ஒத்துப் போச்சுன்னா நான் பொழைப்பேன். போகலன்னா அவ இன்னொரு வாட்டி சாவணும். வாணாம். பெரியண்ணிகிட்டயும் சொல்லிட்டேன், உன்ன வற்புறுத்தாதீங்கன்னு."

வெண்ணிலா அவன் கையைப் பிடித்து, ஊசி குத்திய இடத்துக்கு மேலே, கயிறு மாதிரிப் புடைத்திருந்த நரம்பின்மேல் வைத்தாள். தோலுக்கடியில் என்னமோ உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, மூடிவைத்த டப்பாவுக்குள் வண்டு மாதிரி.

"ஆப்பரேசன் பண்ணி ரெண்டு நரம்ப ஒண்ணா சேத்து வச்சிருக்காங்க. எப்பவும் இப்படித்தான் உறுமும். படுத்தா இதத்தான் தலகாணிக்குக் கீழ வச்சிப்பேன். வேற ஒண்ணும் எனுக்கு இப்போ சரியா கேக்கறதில்லண்ணா. இது மட்டும் கை வழியா கேக்குது. இது நின்னுடுச்சுன்னா அவ்ளோதான்னு நர்ஸம்மா சொல்லுச்சு."

அவன் கையை எடுக்கவே இல்லை. அந்த உறுமல் அவன் விரல் வழியாக ஏறி முழங்கைவரைக்கும் வந்தது. செத்தவளுக்காகப் பயந்து உயிரோடு இருக்கிறவளைத் தாகத்தில் விட்டுவிட்டுப் போகிறோம் என்று தோன்றியதா, அல்லது அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தோன்றியதா, பிற்பாடு புவனேஸ்வரி கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. கீழே இறங்கிப் போய், தேவி மேடத்தின் அறையில், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"எடுத்துக்குங்க" என்றான்.

புவனேஸ்வரிக்கு அன்று போன் பண்ணிச் சொன்னான். அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சாப்ட்டியா?" என்றாள்.

முடிவு வருகிறவரைக்கும் அவன் பேக்டரியில் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. பாட்டில் மூடி அச்சிடுகிற மெஷினில் அச்சு தப்பிப் போய், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினான். வந்த முடிவை தேவி மேடம் அண்ணன் தம்பி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். வீரமணிக்கு அந்தப் பழுது இல்லை. இரண்டு கிட்னியும் நல்லபடியாக இருக்கின்றன. தங்கச்சியோடு பொருத்தம், முழுப் பொருத்தம்.

"முழுசுன்னா?"

"அப்பா பக்கத்துலேர்ந்து வர்ற பாதியும், அம்மா பக்கத்துலேர்ந்து வர்ற பாதியும், ரெண்டுமே உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கு. ஒரே அப்பா, ஒரே அம்மாவுக்குப் பொறந்தாத்தான் இப்படி அமையும்." அவள் அரிகரனைப் பார்த்து, சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது போல.

அரிகரன் வராந்தாவுக்கு ஓடினான். போனில் அப்பாவிடம் கத்துவது கட்டிடம் முழுக்கக் கேட்டது. "முழுப் பொருத்தம்பா! முழுசு! நம்ம ரத்தந்தான்பா!"

வீரமணி அவன் பின்னாலேயே போய் நின்றான். "எப்போடா இல்லாம இருந்துச்சு?" என்றான்.

அரிகரன் போனை இறக்கினான். "அப்பா அழுவறாருடா. வர்ற ஆடிக்கு நீதான் கரகம் தூக்கணுமாம். குறி இல்லன்னாலும் பரவாயில்ல, பங்காளிங்ககிட்ட நான் பேசிக்கறேன்றாரு."

"குறி இல்லன்னாலும் பரவாயில்லியா?" வீரமணிக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. "அந்தக் குறிதான் உன் தங்கச்சிய மெஷின்ல படுக்க வச்சிருக்குது. உனுக்கு ஒத்தக் கிட்னி வச்சிருக்குது. இன்னுமா உங்களுக்கு அது சாமி? சிந்துவ ஸ்கேன் எடுத்தியா?"

சிந்து அரிகரனின் மகள். ஒன்றாம் வகுப்பு. இரண்டு காதிலும் துளை. டிவியைச் சத்தமாக வைத்துப் பார்க்கிற பெண். துளை உள்ள எல்லாக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி தேவி மேடம் எப்போதோ சொல்லியிருந்தாள்.

"அப்பா வாணாம்றாரு. ஆத்தா குறிக்குப் போய் ஸ்கேனான்றாரு."

"நீ இன்னா சொல்ற?"

அரிகரன் சுவரில் சாய்ந்துகொண்டான். கரும்புக் கட்டை ஒற்றைக் கையால் லாரியில் ஏற்றுகிற ஆள், இப்போது குரல் உடைந்து நின்றான். "பயமா கீதுடா. தெரிஞ்சிகினு இன்னா பண்றது?"

"தெரியாம வெண்ணிலா இன்னா ஆனா?"

மறுவாரம் சிந்துவைக் கூட்டிப் போனார்கள். கிட்னி இரண்டும் இருக்கின்றன, ஆனால் இரண்டும் அந்த வயசுக்கு இருக்க வேண்டியதில் பாதிதான். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், வருஷாவருஷம் வரச் சொன்னார்கள், காதுக்கு மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். இப்போதே தெரிந்தது நல்லது என்றும் சொன்னார்கள். அரிகரன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

கிட்னி கொடுப்பதென்றால் கொடுக்கிறவனும் வாங்கிக்கொள்கிறவளும் நினைத்தால் மட்டும் ஆகிவிடாது. ஒரு குழு உட்கார்ந்து, குடும்பத்தாரைக் கூப்பிட்டு விசாரிக்கும். வெளியாளை உறவு என்று பொய் சொல்லிக் கொண்டுவந்துவிடக் கூடாதில்லையா, அதற்காக. எல்லாவற்றையும் வீடியோவில் பிடிப்பார்கள். அன்றைக்குத்தான் இத்தனை வருஷத்துக்கப்புறம் வீரமணி தன் அப்பாவைப் பார்த்தான். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கொஞ்சம் குனிந்து போயிருந்தார். வராந்தாவில் இவனைப் பார்த்ததும் எழுந்தார். இவன் உள்ளே போய்விட்டான்.

வெண்ணிலாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கதவோரம் நிறுத்தியிருந்தார்கள். காது மெஷினில் பேட்டரி தீர்ந்து, அதைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அவளிடம் எழுதிக் காட்டித்தான் கேட்டார்கள். அறை புழுக்கமாக இருந்ததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

"யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?" என்று மேஜைக்கு நடுவில் இருந்த அதிகாரி வீரமணியைக் கேட்டார்.

"இல்ல சார்."

"அப்புறம் உங்க உடம்புக்கு ஏதாவது வரலாம், தெரியுமா?"

"சொன்னாங்க சார். தெரியும்."

பக்கத்து அறையில் தனியாக விசாரித்தபோது புவனேஸ்வரி, "அவரு இஷ்டம்தான் என் இஷ்டம், ஆனா பத்திரமா திருப்பிக் குடுத்துடுங்க" என்று சொல்லி, அங்கிருந்தவர்களைச் சிரிக்கவைத்துவிட்டு வந்திருந்தாள். இனி அப்பா மட்டும்தான் பாக்கி.

"ஐயா, இவர் உங்க மகனா?"

"இன்னா?"

அரிகரன் குனிந்து அவர் காதில் சொல்லப் போனான். "நீங்க சொல்லக் கூடாது. நாங்கதான் கேக்கணும்" என்று தடுத்துவிட்டு, அதிகாரி குரலை உயர்த்தினார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "இவர், வீரமணி! உங்க மகனா?"

சிங்காரவேலு சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். அதில் மடித்து வைத்த காகிதம் இருந்தது. "ரிப்போர்ட்டுல அப்டித்தான் போட்டிருக்குது" என்றார்.

அதிகாரியின் பேனா நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது. புவனேஸ்வரி, "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் வீரமணிக்குத் தோன்றியது. கால்கூட நாற்காலிக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. கதவோரத்தில் வெண்ணிலா ஒன்றும் கேட்காமல், வெடித்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ரிப்போர்ட் எங்ககிட்ட இருக்கு ஐயா. உங்களக் கேக்கறோம்."

சிங்காரவேலு மகனைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை எங்கே போகும் என்று வீரமணிக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே தெரியும். முகத்துக்கு வராது. நேராகக் காதுக்குத்தான் போகும். இன்றும் அங்கேதான் போயிற்று. அந்த வழுவழுப்பான இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என்ன ஆயிற்றோ, காகிதத்தைத் தொட்டிருந்த அவர் கை கீழே இறங்கியது.

வாழ்நாள் முழுக்கக் கத்திப் பேசியே பழகிய அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் சின்னக் குரல் வந்தது. என்னவோ சொன்னார். பக்கத்தில் நின்ற அரிகரனுக்கே விழவில்லை.

"சத்தமா சொல்லுங்க ஐயா. ரெக்கார்டுல விழல."

கிழவர் இப்போது முதல்தடவையாக மகனின் கண்ணைப் பார்த்தார். போதும், விட்டுவிடச் சொல்லு என்று கேட்கிற பார்வை அது.

"சத்தமா சொல்லச் சொல்லுங்க சார்" என்றான் வீரமணி. "அன்னிக்கிப் பொங்கல் பானகிட்ட நின்னு கேட்டாரே, அவ்ளோ சத்தமா."

"எம் புள்ள!" என்றார் சிங்காரவேலு. குரல் வராந்தா கடைசிவரைக்கும் போய் இடித்தது. "எனுக்கும் அம்மணிக்கும் பொறந்த புள்ள!"

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அரிகரன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். அதிகாரி எழுதிக்கொண்டார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று வீரமணி நினைத்திருந்தான். வந்தால் நெஞ்சு நிறைந்துவிடும் என்று நினைத்திருந்தான். ஒன்றும் நிறையவில்லை. அந்த வார்த்தை போய்ச் சேர வேண்டிய காது அந்த அறையில் இல்லை. உறுவையாற்று மண்ணில் இருந்தது.

வெளியே வந்ததும் வெண்ணிலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாண்ணா, அப்பா எதுக்குக் கத்துனாரு? திட்டுனாரா?"

அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான். "ஒண்ணுமில்ல. சரின்னுட்டாங்க. வர்ற செவ்வாக்கெழம ஆப்பரேசன்."

"பயமா இருக்காண்ணா உனுக்கு?"

"இருக்குது."

"எனுக்கும்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடிப்பேன்" என்றாள்.

நாற்காலியை அவனே தள்ளிக்கொண்டு நடந்தான். புவனேஸ்வரி பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். பின்னாலிருந்து, "வீரா... வீரா..." என்று அப்பா கூப்பிடுகிற குரல் வந்தது. அந்தக் குடும்பத்திலேயே காது நன்றாகக் கேட்கிறவன் அவன் ஒருவன்தான். கேட்டது. நாற்காலியின் சக்கரம் வாசற்படியில் இடிக்காமல் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல், சாய்வுப் பாதையில் இறங்கினான்.